காந்தத்தில் ஒட்டாத தோட்டா
அத்தியாயம் 6: ரேஞ்ச் ஏற்கும் ரைஃபிள் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது

சொந்த ரைஃபிளோடு முதன்முதலாக ரேஞ்சுக்குப் போன அன்று நான் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. டெக்சாஸில் ஒரு சனிக்கிழமைக் காலை. கல்லாவில் இருந்த பெரியவர் என் பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவை மட்டும் எடுத்தார். பேனா ஜாடியிலிருந்து நூலில் கட்டிய சின்னக் காந்தம் ஒன்றை உருவி அதன் நுனிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். 'டக்'கென்று ஒட்டியது. சிரித்துக்கொண்டே பெட்டியை என் பக்கம் தள்ளினார். குண்டு அசல் செம்பு நிறத்தில் பளபளத்தது, பெட்டியிலும் 'எஃப்எம்ஜே' (முழு உலோக மேலுறை) என்று நல்ல பெரிய எழுத்தில் போட்டிருந்தது. என்ன பயன்? வாங்கிய 200 தோட்டாவும் கார் டிக்கியிலேயே வீடு திரும்பின.

அன்று எனக்குப் புரியாத ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு தோட்டாவை விற்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதை ரேஞ்சில் சுட விடுவார்களா என்பது வேறு கேள்வி. கடைக்காரருக்கு முதல் கேள்வி போதும். ரேஞ்ச்காரர் கவலைப்படுவதோ தன் மண்மேட்டையும் இரும்புத் தகட்டையும் காய்ந்த புல்லையும் பற்றி. ஒவ்வொரு தடைக்குப் பின்னாலும் அவர் காப்பாற்ற நினைக்கும் பொருள் ஒன்று இருக்கும். அது எது என்று தெரிந்துகொண்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

தோட்டாவும் குண்டும்

பேச்சில் எல்லாவற்றையும் 'தோட்டா' என்கிறோம். இந்த அத்தியாயத்துக்கு மட்டும் கொஞ்சம் பிரித்துப் பேசுவோம். வெடிமருந்தை அடைத்திருக்கும் கூடு குப்பி. அதன் அடியில் உள்ள சிறு வில்லை பிரைமர். வாயில் செருகியிருப்பது குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்தான், குப்பி உங்கள் காலடியில் விழும். குண்டுக்குள்ளும் இரண்டு பகுதிகள் உண்டு: வெளியே மேலுறை, உள்ளே உட்கரு.

குப்பி, மேலுறை, உட்கரு ஆகிய மூன்றில் எது எந்த உலோகம் என்பதுதான் முழு விவகாரமும். பெரும்பாலான ரேஞ்சுகள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது பித்தளைக் குப்பி, செம்பு மேலுறை, ஈய உட்கரு. இதில் ஓரிடத்தில் இரும்பு நுழைந்தாலும் கேள்வி தொடங்கிவிடும்.

குப்பி இரும்பாக இருப்பதும் குண்டு இரும்பாக இருப்பதும் ஒன்றல்ல. புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். விதிப்பலகையில் 'ஸ்டீல் கேஸ்' என்றிருந்தால் அது குப்பியைப் பற்றியது. 'ஸ்டீல் கோர்' என்றிருந்தால் குண்டின் உட்கருவைப் பற்றியது. 'பைமெட்டல்' என்றால் மேலுறையைப் பற்றியது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

ஈயம் சப்பையாகும், எஃகு துள்ளும்

ஈயம் மென்மையான உலோகம். வேகமாகப் போய் இரும்பில் மோதினால் சப்பையாகிச் சிதறிவிடும். எஃகு அப்படி அடங்காது. உருக்குலையாமல் துள்ளும், தரையிலோ தகட்டிலோ பட்டு எதிர்பாராத திசைக்குத் திரும்பும். ரேஞ்சில் தொங்கும் இலக்குத் தகடுகள் பெரும்பாலும் ஏஆர்500 வகை எஃகு. பிரினெல் கணக்கில் சுமார் 500 கடினம் கொண்டவை. ஈயக் குண்டுகளை ஆயிரக்கணக்கில் தாங்கும் இந்தத் தகட்டில் கடின எஃகு நுனி பட்டால் குழி விழும். பிறகு வரும் சாதாரண குண்டும் அந்தக் குழியில் பட்டுத் தாறுமாறாகத் தெறிக்கும். உங்கள் ஒரு பெட்டியின் விளைவை அடுத்த வாரம் அங்கே நிற்பவர் அனுபவிப்பார். ரேஞ்ச்காரரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

காந்தச் சோதனை

ஹார்டுவேர் கடையில் சிறிய, வலுவான காந்தம் ஒன்றை வாங்கி ஒரு முழம் நூலில் கட்டிக்கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் பொம்மைக் காந்தத்துக்கு வலு போதாது. தோட்டாவை மேசையில் படுக்கவைத்து, காந்தத்தை மூன்று இடங்களில் மெல்லத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

முதலில் குப்பி. இழுத்தால் குப்பி இரும்பு. பித்தளைபோல நிறமிருந்தாலும் பூச்சுக்கு ஏமாற வேண்டாம். குப்பி இழுக்கும் தோட்டாவில், அந்த இழுப்பைக் குண்டின் இழுப்பு என்று எண்ணிவிடவும் கூடாது. காந்தத்தைக் குப்பியிலிருந்து தள்ளி, நுனிப்பக்கமாகவே கொண்டுவாருங்கள்.

அடுத்து குண்டின் பக்கவாட்டு. இங்கேயும் சம வலுவோடு இழுத்தால் பெரும்பாலும் அது பைமெட்டல்: மெல்லிய எஃகு மேலுறையின் மேல் செம்பு முலாம். என் 200 தோட்டாவும் இந்த ரகம்தான்.

கடைசியாக நுனி. பக்கவாட்டில் சும்மா இருந்த காந்தம் நுனிக்கு வந்ததும் இழுபட்டால், உள்ளே நுனியில் எஃகு ஒளிந்திருக்கிறது.

பைமெட்டல் குண்டுகள் பெரும்பாலானவற்றின் உட்கரு ஈயமே. கவசத்தைத் துளைக்கும் குண்டு அல்ல அது. 'உள்ளே ஈயம்தானே?' என்று கல்லாவில் வாதாடிப் பார்த்தவர்கள் உண்டு, நானும் அதில் ஒருவன். வரிசையில் இருபது பேர் நிற்கும்போது குண்டை அறுத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஒட்டினால் கூடாது, ஒட்டாவிட்டால் சரி. அவ்வளவுதான் அவர்கள் சோதனை. பித்தளைக் குப்பியில் பைமெட்டல் குண்டு வைத்து வரும் வெளிநாட்டுப் பெட்டிகளும் உண்டு என்பதால், குப்பியை வைத்துக் குண்டை முடிவு செய்யாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முழுத் தோட்டாவை அரத்தால் ராவவோ, குறட்டால் பிடுங்கவோ வேண்டாம். காந்தம் சொல்வது போதும்.

பச்சை நுனியின் கதை

ஏஆர்-15 ரைஃபிள் வைத்திருப்பவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது எம்855 என்ற 5.56 தோட்டாவில். பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் வடிவமைத்த எஸ்எஸ்109 குண்டை 1980-இல் நேட்டோ தரமாக ஏற்றது. அதன் அமெரிக்க வடிவம் இது. எடை 62 கிரெயின், அதாவது சுமார் 4 கிராம். செம்பு மேலுறைக்குள் பின்பக்கம் ஈயம், முன்பக்கம் சிறு எஃகுக் கூம்பு. அடையாளத்துக்கு நுனியில் பச்சை வண்ணம். 'கிரீன் டிப்' என்று ரேஞ்சில் சொல்வது இதைத்தான்.

கூட்டாட்சிச் சட்டப்படி இது கவசத் துளைப்புக் குண்டுப் பட்டியலில் இல்லை. 1986 முதல் விலக்கு உண்டு. 2015 பிப்ரவரியில், துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் அந்த விலக்கை நீக்கப் பார்த்தது. 80,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன. மார்ச்சிலேயே அந்த யோசனையைக் கைவிட்டது. ஆகவே கடையில் சட்டப்படி கிடைக்கும். ரேஞ்சில் மட்டும் நிறைய இடங்களில் தடை. சட்டம் வேறு, ரேஞ்ச் வேறு என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இதற்கு மாற்று எம்193 வகை: 55 கிரெயின், செம்பு மேலுறை, முழுக்க ஈயம், காந்தம் அசையாது. பெட்டியில் எண் ஒரேமாதிரித் தெரிவதால் கை தவறி மற்றதை எடுத்துவிடுவோம். 'எக்ஸ்எம்193' என்றால் சரி, 'எக்ஸ்எம்855' என்றால் திரும்ப வைத்துவிடுங்கள். எண் மறந்துபோனால் எடையைப் பாருங்கள். 62 என்று கண்டாலே ஒருமுறை நிதானியுங்கள். எல்லா 62 கிரெயின் குண்டிலும் எஃகு இருக்கும் என்பதில்லை, ஆனால் காந்தம் பிடித்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

பச்சையைக் கண்டு மிரளவும் வேண்டாம். வேட்டைக் குண்டுகளில் சிவப்பு, பச்சை, நீல நிற பிளாஸ்டிக் முனைகள் வரும். அவை தனியாகச் செருகிய கூர்முனைகள். எம்855-இல் இருப்பது உலோகத்தின் மேல் பூசிய வண்ணம். விரலால் தடவினாலே தெரிந்துவிடும். அமெரிக்க ராணுவச் சரக்கில் கறுப்பு நுனி கவசத் துளைப்புக் குண்டு, சிவப்போ ஆரஞ்சோ ஒளிக்கோடு விட்டுப் பறக்கும் டிரேசர், நீலம் தீக்குண்டு. தாத்தா காலத்து .30-06 தோட்டா கைக்கு வந்து நுனியில் வண்ணம் இருந்தால், அதை ரேஞ்சுக்கு எடுத்துப் போகாதீர்கள். டிரேசரையும் தீக்குண்டையும் ஏற்கும் பொது ரேஞ்சை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

ஏகே தோட்டாவின் சிக்கல்

ஏகே ரைஃபிளில் 7.62×39 தோட்டா சுடுபவர்களுக்குத்தான் தேர்வு கடினம். இந்தத் தோட்டா சோவியத் நாட்டில் பிறந்தபோதே இரும்போடு பிறந்தது: அரக்குப் பூசிய இரும்புக் குப்பி, எஃகு மேலுறை, மென் எஃகு உட்கரு. எஃகு உட்கரு கொண்ட சீனத் தோட்டா இறக்குமதியை ஏடிஎஃப் 1994-இல் நிறுத்தியது. இன்னொரு ஏகே தோட்டாவான 5.45×39-இன் 7என்6 ரகத்துக்கு 2014-இல் தடை வந்தது. சீனத் தோட்டா நின்ற பின் 7.62×39 சந்தையை நிரப்பியவை உல்ஃப், துலா போன்ற ரஷ்யத் தோட்டாக்கள். உட்கரு ஈயம், மேலுறை பைமெட்டல், குப்பி இரும்பு, விலை குறைவு. ரஷ்யா மீதான பொருளாதாரத் தடையின் பகுதியாக 2021 செப்டம்பர் 7 முதல் புதிய இறக்குமதி அனுமதிகளும் நின்றன. பழைய இருப்பு இன்னும் அலமாரிகளிலும் வீட்டுக் கிடங்குகளிலும் கிடக்கிறது. நண்பர் பாதி விலைக்குத் தருகிறார் என்று வாங்கும் பெட்டி பெரும்பாலும் இதுதான்.

ஆகவே 7.62×39-க்கு விதி எளிது: பித்தளைக் குப்பிப் பெட்டி ஒன்றை மட்டும் வாங்குங்கள். குண்டில் காந்தம் பிடித்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அதே பெயர், அதே எண் உள்ள பெட்டிகளை மேலும் வாங்குங்கள்.

பித்தளை வாளி

இரும்புக் குப்பிக்கு விதிக்கும் தடையில் பாதுகாப்பு அதிகம் இல்லை, பணம்தான். காலிப் பித்தளைக் குப்பிகளை ரேஞ்ச் பெருக்கி எடுத்து, மறுபடி மருந்து நிரப்புவோருக்கோ பழைய உலோக வியாபாரிக்கோ விற்கும். நம்மூர்ப் பழைய இரும்புக் கடையில் பித்தளைச் செம்புக்கும் தகர டப்பாவுக்கும் எடைக்கு ஒரே விலையா கொடுப்பார்கள்? கலந்த மூட்டைக்கு விலை விழும், பிரித்தெடுக்க ஆள்கூலி ஆகும். அதனால்தான் சில ரேஞ்சுகள் 'பித்தளை மட்டும்' என்கின்றன. வேறு சில, இரும்புக் குப்பியைச் சுடலாம், ஆனால் தனி வாளியில் போடு என்கின்றன. அலுமினியக் குப்பிக்கும் இதே கதை. கீழே விழுந்த பித்தளை யாருக்குச் சொந்தம் என்பதையும் கேட்டு வையுங்கள். உங்களுடையதையே பொறுக்க விடாத ரேஞ்சுகளும் உண்டு.

காய்ந்த புல்

மேற்கு மாநிலங்களில் கோடையில் தடைக்குப் பெரிய காரணம் தீ. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் ரைஃபிள் குண்டுகளை எஃகுத் தகட்டில் சுட்டு, சிதறல்களைக் காய்ந்த மக்கில் விழவைத்துப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான முடிவு: மேலுறையிலோ உட்கருவிலோ எஃகு உள்ள குண்டுகளும், முழுக்கச் செம்பால் ஆன குண்டுகளும் எளிதாகத் தீ மூட்டின. செம்பு மேலுறையும் ஈயக் கருவும் கொண்ட குண்டு அரிதாகவே மூட்டியது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. சூழலுக்கு நல்லது என்று ஈயமில்லாத முழுச் செம்புக் குண்டை வாங்குபவர்கள் உண்டு. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமில்லாத குண்டு கட்டாயம். காந்தச் சோதனையில் இந்தக் குண்டு தேறிவிடும், தீ ஆபத்தில் தேறாது. வேட்டைக் குண்டை வைத்து ரைஃபிளைச் சரிபார்க்கப் போகிறீர்கள் என்றால், இரும்புத் தகட்டை விட்டுவிட்டுக் காகித இலக்கில், மண்மேடு பின்னால் இருக்கும் பாதையில் சுடுங்கள். தீத்தடை அறிவிப்பு உள்ள நாளா என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

உள்ளரங்கம்

கூரையுள்ள ரேஞ்சுகள் பல கைத்துப்பாக்கியை மனத்தில் வைத்துக் கட்டியவை. ரைஃபிள் குண்டின் வேகம் அங்குள்ள சுவருக்குக் கூடுதல். 55 கிரெயின் 5.56 குண்டு வினாடிக்குச் சுமார் 990 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஆகவே முதல் கேள்வி 'ரைஃபிள் உண்டா?', அடுத்தது 'எந்த அளவு வரை?'. ரப்பர்த் துகள் நிரப்பிய தடுப்பு உள்ள இடங்களில் தீப்பொறிக்கு இன்னும் பயம். எரியாமல் மிஞ்சிய மருந்துத் தூளும் அங்கே சேரும். காந்தச் சோதனை உள்ளரங்கத்தில் கண்டிப்பாக இருக்கும். காற்றில் ஈயத் தூசி சேரக்கூடாது என்று மேலுறையில்லாத வெறும் ஈயக் குண்டைத் தடுப்போரும் உண்டு. எங்கே சுட்டாலும், கையும் முகமும் கழுவாமல் சாப்பாட்டைத் தொடாதீர்கள்.

திறந்தவெளியில் எஃகுத் தகட்டில் சுட விரும்பினால், ரைஃபிளுக்கு 100 யார்டு குறைந்தபட்ச தூரம் என்பது பரவலான வழக்கம். அதற்குள் சுட அனுமதி இருந்தாலும் வேண்டாம்.

எந்த ரைஃபிளுக்கு எது?

.22 எல்ஆர்: ஈயக் குண்டு, பித்தளைக் குப்பி, வேகம் குறைவு. அநேகமாக எல்லா ரேஞ்சும் ஏற்கும். புதியவர்கள் இதில் தொடங்குங்கள்.

.223 அல்லது 5.56: 55 கிரெயின் எஃப்எம்ஜே, பித்தளைக் குப்பி. குழலில் '.223' என்று மட்டும் பொறித்திருந்தால் 5.56 தோட்டா போடாதீர்கள், அதில் அழுத்தம் அதிகம். 5.56 குழலில் இரண்டும் போகும்.

.308: 147 முதல் 150 கிரெயின் எஃப்எம்ஜே பயிற்சிக்கு. குறி பார்த்துச் சுட 168 கிரெயின் மேட்ச் ரகம். ராணுவ மிச்சச் சரக்கு என்றால் நுனி நிறமும் காந்தமும் இரண்டும் பாருங்கள்.

.50 பிஎம்ஜி: பெரும்பாலான பொது ரேஞ்சுகளில் இடமில்லை. கேட்காமல் போகாதீர்கள்.

ஒரே மேசையில் .300 பிளாக்அவுட் தோட்டாவையும் 5.56 தோட்டாவையும் வைக்கவே வைக்காதீர்கள். இரண்டும் ஒரே மேகசினில் உட்காரும். முதலாவது தவறிப்போய் 5.56 ரைஃபிளில் ஏறி வெடித்தால் துப்பாக்கியே சிதறும்.

வாங்கும் முன் ஒரு போன்

இணையத்தில் உள்ள விதி பழையதாக இருக்கலாம். ஒரு போன் போட்டுக் கேளுங்கள்: காந்தத்தில் ஒட்டும் குண்டு கூடுமா? இரும்புக் குப்பி கூடுமா? எந்த அளவு வரை ரைஃபிள் தோட்டா? வீட்டில் நிரப்பிய தோட்டா கூடுமா? வாடகைத் துப்பாக்கிக்கு வெளியே வாங்கிய தோட்டா போடலாமா? கடைசிக் கேள்விக்குப் பல இடங்களில் 'இங்கே வாங்கியது மட்டும்' என்றே பதில் வரும்.

பொது ரேஞ்ச் நம் காசிலும் நடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் உற்பத்தியாளர் கட்டும் 11 சதவீத கலால் வரி, மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. அதிலிருந்து பொது ரேஞ்சுகள் கட்டவும் பணம் கிடைக்கிறது. அரிசோனாவின் ஃபீனிக்ஸில் உள்ள பென் ஏவரி போல மாநிலத் துறையே நடத்தும் ரேஞ்சுகள் உண்டு. அங்கே தகட்டில் குழி விழுந்தால், அந்தச் செலவில் நம் பங்கும் இருக்கிறது.

நம்மவர்களுக்கு இரண்டு வார்த்தை

முதலாவது விசா. எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் அமெரிக்கா வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் 'வைத்திருத்தல்' கணக்கில்தான் வரும். செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. 'ஆபீஸ் நண்பர்கள் கூப்பிட்டார்கள்' என்று கிளம்பும் முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். பச்சை அட்டை வைத்திருப்போருக்கு இந்தத் தடை இல்லை.

இரண்டாவது பை. இந்திய விமான நிலையத்தில் பையின் மூலையில் சுடப்படாத ஒரே ஒரு தோட்டா அகப்பட்டாலும் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவாகும். 'மறந்துவிட்டேன்' என்பதை நீதிமன்றத்தில்தான் சொல்ல முடியும். பயணம் அதற்குள் பாழாகியிருக்கும். சில வருடங்களுக்கு முன் சென்னைக்குக் கிளம்பும் முந்தின இரவு, என் மனைவி ஊறுகாய்ப் பாட்டில் வைக்க இடம் தேடி ஒரு தோள்பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தாள். ஒரு .22 தோட்டா உருண்டு தரையில் விழுந்தது. ரேஞ்சுக்கும் ஊருக்கும் நான் ஒரே பையைப் பயன்படுத்தியதன் பலன்.

அதன்பின் ரேஞ்சுக்கென்று தனிப் பை. அதன் ஜிப்பில் நூல் கட்டிய அந்தக் காந்தம் தொங்குகிறது. தோட்டா வாங்கும்போது அது சோதனைக் கருவி. பரணிலிருந்து பைகளை இறக்கும்போது, எதை மறுபடி பரணிலேயே ஏற்ற வேண்டும் என்பதற்கு அடையாளமும் அதுவே.